கெட்லர் கன்றின் வலது தலை

கெட்லர், நெப்ராஸ்கா
1958 ஜூன் 7, சனி இரவு

அர்டித்துக்கு,

ஈஸ்டர் அன்று நீ என்னைப் பார்த்து, "இனி உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. உங்க ஊரு கன்னுக்குட்டியையே கட்டிக்கிட்டு அழு" என்று சொன்னாய். இப்போது நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். முழுக் கன்றையும் அல்ல. தலையை மட்டும். ஒரு தலையை.

போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இன்று காலை பழைய ரயில் நிலையத்து மியூசியத்தில் தூசி தட்டினேன். கோடைதோறும் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியை குரோகர் டீச்சர் அதற்குப் பொறுக்கி எடுப்பாரே, இந்த வருஷம் நான். பெரியப்பா அப்பாவோடு பேச்சை முறித்துக்கொண்டு உங்களையெல்லாம் பக்கத்து ஊர் ஓரினுக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் நீயாகத்தான் இருந்திருப்பாய். இந்தத் தலையும் உன் கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கும்.

நம் ஊரை நிறுவிய கெட்லரின் உடைந்த வண்டிச் சக்கரத்தைத் துடைத்தேன். அவருடைய பல்செட்டைத் துடைத்தேன். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கன்றுக்குட்டியின் இடது தலைக் காதைத் தட்டினேன். வலது தலைக் காதைத் தட்டினேன். வலது தலை கீழே விழுந்தது.

பெரிய சத்தம் இல்லை. பூசணிக்காய் விழுந்த மாதிரிதான். ஆனால் அந்தத் தலை என்னைப் பார்த்தபடி விழுந்தது. உள்ளே வைக்கோல். நடுவில் ஓர் இரும்புக் கம்பி. கழுத்தைச் சுற்றிப் பழைய தையல் பிய்ந்து தொங்கியது. அர்டித், பிறக்கும்போதே கழுத்தில் தையலோடு ஒரு கன்று பிறக்குமா?

தலையை மாவுச் சாக்கில் போட்டேன். கன்றின் மேல் ஒரு போர்வையை மூடினேன். குரோகர் டீச்சரிடம், "அந்துப்பூச்சி வருது டீச்சர், மூடி வெச்சிருக்கேன்" என்றேன். அவர் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து தபால் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. "சரி. ஊர்வலம் வரைக்கும் மூடியே இருக்கட்டும்" என்றார். கடவுள் இருக்கிறார்.

ஆனால் ஊர்வலம் ஜூலை நாலாம் தேதி. கன்று தேரில் வரும். பக்கத்தில் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு நான் உட்கார வேண்டும். நெடுஞ்சாலைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? "கெட்லர், இரட்டைத் தலைக் கன்றின் ஊர்." அதைப் பார்த்துத்தானே கார்கள் திரும்புகின்றன. அதில் வருபவர்களுக்குத்தானே அம்மா கடையில் காபி ஊற்றுகிறாள். ஒற்றைத் தலைக் கன்றைப் பார்க்க யார் வண்டியை நிறுத்துவார்கள்? அது எல்லார் தொழுவத்திலும் இருக்கிறது.

மாவட்டக் கண்காட்சியில் குதிரைச் சேணம் தைத்துப் பரிசு வாங்கியவள் நீ. தோல் தைக்க எனக்கு வேறு யாரையும் தெரியாது. டெலிபோனில் கூப்பிடாதே. ஆறு வீட்டுக்கும் ஒரே கம்பி, யார் எடுத்தாலும் ஒட்டுக்கேட்கலாம். நாம் பேசினால் திருமதி ஸ்வோபோடாவின் சமையலறைக் கடிகாரம் நம் பேச்சுக்கு நடுவே டிக் டிக் என்று கேட்கும்.

படித்ததும் கிழித்துவிடு.

வெர்லா


ஓரின்
ஜூன் 11

வெர்லா,

கிழிக்கவில்லை. மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அம்மா கதவைத் தட்டி, "என்னடி ஆச்சு, வயித்து வலியா?" என்று கேட்டாள்.

ஈஸ்டர் அன்று நான் என்ன சொன்னேன்? "அது ரெண்டு தலைக் கன்னு இல்ல, ஒன்றரைக் கோணிப்பை" என்று சொன்னேன். நீ என் மேல் உருளைக்கிழங்கு மசியலை எறிந்தாய். அந்த மஞ்சள் கவுனில் கறை இன்னும் இருக்கிறது. முதலில் அதற்கு ஒரு வார்த்தை எழுது. பிறகு தலையைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். இங்கே பள்ளியில் என் பெயர் அர்டித் இல்லை. "ரெட்டைத் தலை." கெட்லரிலிருந்து வந்தவள் அல்லவா. நான் உள்ளே நுழைந்ததும் டுவைட் பெல்சர் என்கிற தடியன், "வந்துட்டாங்கப்பா, ஒரு தலை வீட்டுப்பாடம் பண்ணுச்சு, இன்னொண்ணு மறந்துடுச்சு" என்பான். வகுப்பே சிரிக்கும். இரண்டு வருஷமாக. உன் கடிதத்தை அவன் கையில் கொடுத்தால் மறுநாள் முதல் நான் இந்த ஊரில் ராணி. யோசித்துப் பார்.

நானும் யோசிக்கிறேன்.

அர்டித்


கெட்லர்
ஜூன் 14, சனி இரவு

அர்டித்துக்கு,

மசியலுக்கு மன்னிப்பு. அதில் வெண்ணெய் அதிகம் இருந்ததால்தான் கறை போகவில்லை. அதற்கும் மன்னிப்பு. உன்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மசியலை அந்த டுவைட் மேல் எறிந்திருப்பேன். எட்டு மைல் என்பதால் சேராது, ஆனால் எறிந்திருப்பேன்.

தயவுசெய்து யோசிப்பதைச் சீக்கிரம் முடி. இங்கே நிலைமை மோசம்.

நாய் என் அறைக்கு வர மாட்டேன் என்கிறது. வாசலில் நின்று கட்டிலுக்கு அடியில் பார்த்துக் குரைக்கிறது. அப்பா, "அங்க என்னமோ இருக்கு" என்றார். அம்மா, "எலிதான்" என்று சொல்லி, நான் கடைக்குப் போயிருந்தபோது பொறி வைத்துவிட்டாள். நேற்று இரவு பொறி விழுந்தது. அம்மா படியேறி வரும் சத்தம் கேட்டது. நான் கட்டிலுக்கு அடியில் தலைகீழாக நுழைந்து பார்த்தேன். எலி இல்லை. வலது தலையின் காது.

அம்மா கதவைத் திறந்தாள். "புடிச்சுதா?"

"இல்லம்மா. சும்மா விழுந்துடுச்சு."

"அப்புறம் நீ ஏன் கட்டிலுக்கு அடியில இருக்க?"

"ஜெபம் பண்றேன்."

அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். இன்று காலை போதகரிடம் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். "கட்டிலுக்கு அடியில படுத்து ஜெபம் பண்றா, ஐயா, அவ்வளவு தாழ்மை." ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் என் பெயர் வருமாம்.

நான் இப்போது ஒரு பொய்க்காரி. தலையோடு சேர்த்து இரண்டு பாவம்.

வெர்லா


ஓரின்
ஜூன் 18

வெர்லா,

யோசித்துவிட்டேன். பிரசங்கத்தில் பெயர் வாங்கினவளைக் காட்டிக்கொடுத்தால் எனக்கு நரகம்தான்.

உனக்கு என் மேல் நம்பிக்கை வராது என்று தெரியும். அதனால் உன் கையிலும் ஒன்றைக் கொடுத்து வைக்கிறேன். எங்கள் ஊர் நீதிமன்றச் சுவரில் ஒரு பீரங்கிக் குண்டு பதிந்திருக்கிறதல்லவா? "உள்நாட்டுப் போரின் வீர நினைவு" என்று கீழே செம்புத் தகடு இருக்கிறதல்லவா? போர் நடந்தபோது இங்கே புல்லும் காட்டெருமையும்தான். யார் யாரைச் சுட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை. பனி உருகும்போது அது வருஷா வருஷம் கீழே விழுகிறது. விடிவதற்குள் சிமெண்டு வைத்து ஒட்டுவது யார் தெரியுமா? அப்பா. தானியக் கிடங்கு மேலாளர் வேலையோடு அதுவும் சேர்ந்ததாம். போன மார்ச்சில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அது அரவை எந்திரத்து உருண்டை. அடியில் கம்பெனி முத்திரை இருக்கிறது.

இப்போது நீ என்னைக் காட்டிக்கொடுக்கலாம், நான் உன்னைக் காட்டிக்கொடுக்கலாம். சரியா?

இனி வேலையைப் பார். கம்பியைக் கழுத்துக்குள் பழையபடி செருகு. உள்ளே முதுகுக்கு ஒரு மரக்கட்டை இருக்கும். வேலி கட்டும் கம்பியால் இரண்டையும் சேர்த்து முறுக்கு. கை வலிக்கும் வரை முறுக்கு. பிறகு தோல். இத்தோடு வளைந்த ஊசி இரண்டை அட்டையில் குத்தி அனுப்புகிறேன். மெழுகு தடவிய நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒரே துளையில் இங்கிருந்து ஒன்று போக வேண்டும், அங்கிருந்து ஒன்று வர வேண்டும். பிறகு இரண்டையும் இழு. குதிரைச் சேணத்துக்கு இதுதான் தையல். ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று பிடிக்கும்.

நூல் நீயே தேடிக்கொள். என் நூல் தீர்ந்துவிட்டது.

அர்டித்

காதில் பொறித் தடம் இருந்தால் ரிப்பன் கட்டிவிடு.


கெட்லர்
ஜூன் 24, இரவு

அர்டித்துக்கு,

முடிந்தது. விரல் நுனியெல்லாம் ஓட்டை.

நேற்று மாலை டீச்சர், "எனக்கு சர்ச் கமிட்டி கூட்டம் இருக்கு, நேரமாகும். சாவியை பால் கேனுக்கு அடியில வெச்சிட்டுப் போறேன். பூட்டிட்டு வந்துடு" என்று சொல்லிப் போய்விட்டார். டீச்சர் சாவியை யாரிடமும் விட்டதே இல்லை. நான் மாவுச் சாக்கோடு உள்ளே போய், நீ சொன்னபடியே செய்தேன். வெளியே யார் நடந்தாலும் நூலை இன்னும் இறுக்கி இழுத்தேன். திருமதி ஸ்வோபோடா நாயோடு மூன்று முறை போனாள். அந்த மூன்று தையலும் கல் மாதிரி இருக்கின்றன.

நூல்தான் பிரச்சினை. அம்மாவின் தையல் பெட்டியில் தடிமனாக இருந்தது கறுப்பு ஒன்றுதான். கன்று பழுப்பு. இடது கழுத்தில் ஏற்கெனவே இருக்கும் ரிப்பனைப் போலவே ஒன்றைக் கட்டி மறைத்துவிட்டேன்.

எல்லாம் முடித்து, இரண்டடி பின்னால் வந்து பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது.

தபால் அட்டையில் இரண்டு தலையும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், நினைவிருக்கிறதா? சண்டை போட்ட மாதிரி. இப்போது வலது தலை இடது தலையைப் பார்க்கிறது. நான் கம்பியைத் திருப்பிச் செருகிவிட்டேன். பிரித்துத் தைக்க என்னிடம் நூலும் இல்லை, தெம்பும் இல்லை. வலது தலை இடது தலையின் காதில் ஏதோ ரகசியம் சொல்லப் போகிற மாதிரி நிற்கிறது.

ஐம்பது வருஷமாக ஊர் முழுக்கப் பார்த்த கன்று. யாராவது ஒருவருக்குத் தெரியாமலா போகும்?

வெர்லா


ஓரின்
ஜூன் 30

வெர்லா,

அவசரம். தபால்காரர் வண்டியை முடுக்கிக்கொண்டிருக்கிறார்.

டுவைட் பெல்சர் ஒரு திட்டம் போட்டிருக்கிறான். எங்கள் பேண்டு உங்கள் ஊருக்கு வரும்போது அவனும் வருகிறான். தீவனக் கடை மேடையில் நின்று, தேர் அந்தப் பக்கம் வரும்போது கன்றின் தலைக்குச் சுருக்குக் கயிறு வீசி இழுக்கப் போகிறான். "ஒரே இழு. வைக்கோல் கொட்டுறதை ரெண்டு ஊரும் பாக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தேரில் நேராக உட்கார்.

அர்டித்


கெட்லர்
ஜூலை 2

அர்டித்,

வைக்கோல் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

வைக்கோலைப் பற்றி நான் உனக்கு மட்டும்தான் எழுதினேன்.

ராணியாக இரு.

வெர்லா


கெட்லர்
ஜூலை 5, சனி இரவு

அர்டித்துக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டியதும் இல்லை. பாடம் செய்த எந்த மிருகத்துக்குள்ளும் வைக்கோல்தான் இருக்கும் என்று அப்பா நேற்று காலை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மான் தலையைப் பற்றிப் பேசும்போது சொன்னார். அது எல்லாருக்கும் தெரியுமாம். எனக்குத்தான் தெரியவில்லை. தேரில் ஏறும்போது உன்னைத் தேடினேன். பேண்டில் பெரிய மேளத்துக்குப் பின்னால் உன் தொப்பி மட்டும் தெரிந்தது. நான் கையை ஆட்டினேன். மேளம் திரும்பிக்கொண்டது.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. தீவனக் கடை வந்ததும் கண்ணை மூடிவிட்டேன். காற்றில் ஏதோ விஷ்ஷென்று வந்தது. தேர் ஒரு குலுக்குக் குலுக்கியது. தண்ணீர் சத்தம். பெண்கள் கத்தினார்கள். ஆண்கள் சிரித்தார்கள். கண்ணைத் திறந்தபோது கன்றுக்கு இரண்டு தலை இருந்தது, எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அம்மா, "உனக்கு என்ன தைரியம்டி, அசையவே இல்லையே" என்கிறாள்.

என்ன நடந்தது என்று நீ எழுது. என் மேல் கோபம் இருந்தால் கோபத்தோடேயே எழுது.

வெர்லா


ஓரின்
ஜூலை 8

வெர்லா,

கோபத்தோடு எழுதுகிறேன்.

அந்தக் கயிற்றை டுவைட் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பேண்டு கிளம்புவதற்கு முன்னால் நான் அவனிடம் போனேன். "கையில புடிச்சா நழுவிடும். உங்கிட்ட அவ்வளவு பலம் இல்ல. இடுப்புல கட்டிக்கோ" என்றேன்.

"யாருக்குப் பலம் இல்ல? ரெட்டைத் தலை எனக்குச் சொல்லிக் குடுக்குதா?" என்றான். ஆனால் கட்டிக்கொண்டான். பெல்ட்டோடு சேர்த்து, இரண்டு முடிச்சு.

தேர் வந்தது. வீசினான். கயிறு போடத் தெரிந்தவன்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நேராக வலது தலையில் விழுந்து இறுகியது. தேரை இழுத்த டிராக்டரை ஓட்டின சித்தப்பாவுக்கு, அதுதான் உன் அப்பாவுக்கு, ஒன்றும் தெரியாது, அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கயிறு நீண்டது, நீண்டது, விறைத்தது. நான் மேளம் அடிப்பதை நிறுத்திவிட்டேன். தலை வரவில்லை, வெர்லா. டுவைட் வந்தான். மேடையிலிருந்து பறந்து வந்து சர்ச் பெண்களின் எலுமிச்சைச் சாற்றுத் தொட்டியில் உட்கார்ந்தான். தொட்டியும் அவனும் தேருக்குப் பின்னால் தெரு முனை வரை போனார்கள். நான் அப்போது மேளம் அடித்தேன்.

அவனைத் தூக்கிவிட முதலில் ஓடிவந்தது அப்பா. டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தது சித்தப்பா. இரண்டு பேரும் தொட்டிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். இரண்டு வருஷமாகப் பேசாதவர்கள் என்ன பேசினார்கள் தெரியுமா?

"அந்தக் காலைப் புடி."

"புடிச்சிட்டேண்ணா."

அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா சீட்டியடித்தார்.

எங்கள் ஊர் மேயரே ஒத்துக்கொண்டார். "இருநூறு பவுண்டு பையனை இழுத்திருக்கு, அது ஒட்டுன தலையா இருக்க முடியாது" என்றார். இப்போது ஊரில் யாரும் என்னை ரெட்டைத் தலை என்று கூப்பிடுவதில்லை. டுவைட்டைத்தான் எலுமிச்சை என்று கூப்பிடுகிறார்கள்.

நீ ஒன்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவனை இடுப்பில் கட்டச் சொன்னபோது தையல் பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தது. சின்ன வயதில் உன் ஷூ முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாது. பயந்து பயந்து இழுப்பாய்.

"ராணியாக இரு" என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தை மட்டும் கிழித்துவிட்டேன்.

அர்டித்


கெட்லர்
ஜூலை 12, சனி இரவு

அர்டித்துக்கு,

இதையும் போர்வைக்குள்தான் எழுதுகிறேன். இப்போது பயத்தால் இல்லை, பழக்கத்தால்.

பயம் விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இன்று காலை வரை.

வாரம் முழுக்கக் காபிக் கடையில் ஒரே தகராறு. கன்று முன்னால் எந்தப் பக்கம் பார்த்தது? பாதிப் பேர் எப்போதும் ஒன்றையொன்று பார்த்துத்தான் நின்றது என்று சத்தியம் செய்கிறார்கள். போதகர், கயிற்று இழுப்பில் திரும்பியிருக்கும், அது சமாதானத்தின் அடையாளம் என்கிறார். தபால் அட்டையைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று போனால், அட்டைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று குரோகர் டீச்சர் சொல்லியிருக்கிறார். போன மாதம்தான் ஐந்நூறு வந்தன. நான்தான் பெட்டியைத் தூக்கினேன்.

இன்று தூசி தட்டப் போனேன். டீச்சர் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு நூல்கண்டைக் கையில் வைத்தார். பழுப்பு.

"கறுப்பு தூரத்துல இருந்தே தெரியுது" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்றேன்.

"தெரியாமத்தான் குதிரைச் சேணத் தையல் போட்டியா? நல்லா இருக்கு. என்னோடது அவ்வளவு கெட்டியா இல்ல."

"உங்களோடதா?"

"இருபது வருஷம் தாங்குச்சு. உன் கையில வந்து விழுந்துது." பிறகு கன்றைக் காட்டினார். "இடது பக்க ரிப்பனைத் தூக்கிப் பாரு."

தூக்கினேன். அர்டித், இடது கழுத்திலும் தையல் இருக்கிறது. சுற்றிலும். கீழே வெள்ளை நூல், மஞ்சளாகிப் போயிருக்கிறது. அதற்கு மேல் நீல நூல். நீல நூல் எனக்குத் தெரியும். அம்மாவின் தையல் பெட்டியில் அடியில் ஒரு துண்டு கிடக்கிறது. எலிப்பொறி வைக்கக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தவள் மாவுச் சாக்கைப் பார்க்காமலா இருந்திருப்பாள்? கறுப்பு நூல் கண்டு பெட்டியில் மேலேயே கிடந்ததும் இப்போதுதான் உறைக்கிறது.

"டீச்சர், அப்ப எதுதான் நிஜத் தலை?" என்று கேட்டேன்.

"தூசி தட்டு" என்றார்.

தட்டினேன். வண்டிச் சக்கரம், பல்செட், வலது காது. இடது காதுக்கு வந்தபோது டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "மெதுவா. உங்க அம்மா தையல் ஆடிக்கிட்டிருக்கு. அந்த ஓரின் பொண்ணு இருக்காளே, உன் பெரியப்பா மக, அடுத்த சனிக்கிழமை அவளையும் கூட்டிட்டு வா. ரெண்டு தலைக்கு ரெண்டு ஆள் வேணும்."

பெரியப்பா உன்னைக் காரில் கொண்டுவந்து விடுவாராம். அப்பாவே டெலிபோன் செய்து கேட்டுவிட்டார். திருமதி ஸ்வோபோடாவும் சரி என்று சொன்னாள்.

வளைந்த ஊசி என்னிடம் இருக்கிறது. இந்தக் கண்டு பாதிக்குத்தான் வரும். வரும்போது பழுப்பு நூல் கொண்டு வா.

வெர்லா